மரக்குழாய்க் குற்றாலம்

குற்றாலத்தில் பேரருவிக்கு அடியில் நின்றவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. முதல் ஒரு நிமிஷம் பயம். அடுத்த நிமிஷம் அடி. நூறு பேர் கூடி முதுகில் மத்தளம் வாசிப்பது போல இருக்கும். அதற்குப் பிறகு வீட்டுக் கவலை, ஆபீஸ் கவலை, கழுத்துவலி எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியாது. வெளியே வந்து துண்டை எடுத்துத் துவட்டும்போது வயிற்றிலே ஒரு பசி எடுக்கும் பாருங்கள், அந்தப் பசிக்காகவே ஆனி ஆடியில் அங்கே ஒரு ஜன்மம் எடுக்கலாம்.

நான் சிறுவனாக இருந்தபோது அப்படிக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலத்தில்தான் என் பெரியப்பா முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னார்.

"ஏலே, நமக்குச் சாமி குடுத்த அருவி இது. சீமையிலே ஒருத்தன் மரக்குழாயை வச்சே குற்றாலம் பண்ணினான், தெரியுமா?"

அந்த ஒருத்தன் பெயர் வின்ஸென்ட் பிரீஸ்னிட்ஸ். பெரியப்பா 'பிரசன்னீசு' என்றுதான் சொல்லுவார். ஏதோ சிவன் கோயில் மூர்த்தியின் பெயர் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து, மாத்திரை, ஊசி மூன்றும் வீட்டு நடையைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். பின்கட்டில் ஒரு தகரத் தொட்டி உண்டு. சாய்வு நாற்காலிக்குப் பக்கச் சுவர் எழுப்பியது போல இருக்கும். அதிலே தண்ணீர் ஊற்றி, இடுப்பு மட்டும் முழுகும்படி உட்கார்ந்துகொண்டு, ஈரத்துணியால் அடிவயிற்றைத் தேய்த்தபடி காலைப் பத்திரிகை படிப்பார். தொட்டிக் குளியல் என்று பெயர். வீட்டிலே யாருக்கு என்ன வந்தாலும், தலைவலியானாலும் காய்ச்சலானாலும், முதல் உத்தரவு அந்தத் தொட்டிக்குத்தான்.

அந்தத் தொட்டி தென்காசிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பின்னால் தேடிப் போனபோதுதான், பெரியப்பாவின் 'பிரசன்னீசு' யார் என்பதும் எனக்கு விளங்கிற்று.

அவர் பிறந்தது 1799-ம் வருஷம் அக்டோபர் 4-ம் தேதி. ஊர் கிரேஃபன்பர்க் என்ற மலைக் குக்கிராமம். அப்போது அது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்த சைலீஷியாவில் இருந்தது. இப்போது செக் நாட்டில் யெஸெனிக் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. குடியானவக் குடும்பம். தகப்பனாருக்குக் கண் பார்வை போய்விட்டது. அதனால் பையன் ஏட்டைப் பிடிக்க வேண்டிய வயசில் மாட்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று. படிப்பு சொற்பம். பிற்காலத்தில் அவரைப் பற்றி ஊர் ஊராகப் புத்தகம் எழுதினார்கள். அவர் தம் வைத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதவில்லை.

கால் அடிபட்ட ஒரு மான் தினந்தோறும் மலைச் சுனைக்கு வந்து காலை நனைத்துக்கொண்டு போவதைச் சிறுவன் மறைந்திருந்து பார்த்தான், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று என்று ஒரு கதை சொல்கிறார்கள். வைத்தியர்களின் சரித்திரத்தில் இப்படி ஒரு மான் அல்லது ஒரு கீரி எப்போதும் வந்துவிடும். நம் ஊரிலேயே பாம்போடு சண்டை போட்டுவிட்டுக் கீரி எந்தப் பச்சிலையில் போய்ப் புரளுகிறது என்று பார்த்து வைத்தியம் கற்றவர்களின் கதை எத்தனை! ஆகவே மானை விட்டுவிடலாம். வண்டி நிஜம்.

பதினாறு, பதினேழு வயசில் பாரவண்டி ஒன்று அவர்மேல் ஏறி விலா எலும்புகள் முறிந்தன. பக்கத்து ஊர் வைத்தியர் வந்து பார்த்துக் கட்டுப் போட்டு, இவன் இனிமேல் வேலைக்கு ஆகமாட்டான் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். பையன் என்ன செய்தான் தெரியுமா? கட்டை அவிழ்த்து எறிந்தான். நாற்காலி விளிம்பில் வயிற்றைப் பொருத்திக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, உள்ளே அமுங்கியிருந்த எலும்பைத் தானே வெளியே தள்ளினான். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றினான், தண்ணீரைக் குடித்தான், படுத்தான். எழுந்து வேலைக்கும் போனான். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் சுளுக்கு. பிறகு மாட்டுக்கு வீக்கம். பிறகு மாட்டுக்காரனுக்கு வாதம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான், மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். ஒரு பஞ்சை அதில் நனைத்து உடம்பைத் துடைத்துவிடுவார். கடலில் விளைகிற ஸ்பஞ்சைத்தான் சொல்கிறேன்.

இங்கேதான் வந்தது வினை. குணமானவர்கள் தண்ணீரை நம்பவில்லை, பஞ்சை நம்பினார்கள்! அதற்குள் ஏதோ இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பிற்று. சிலர் மருந்து என்றார்கள், சிலர் மந்திரம் என்றார்கள். உள்ளூர் வைத்தியர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா? புகார் போயிற்று. அதிகாரிகள் பஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். அதில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரீஸ்னிட்ஸ் பார்த்தார். இனிமேல் பஞ்சே வேண்டாம், வெறுங்கையால் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். தொழிலில் இருக்கிற ஒரே ஜால வித்தையையும் தானே கைவிட்ட வைத்தியரை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? தண்ணீர் என்றால் தண்ணீர்தான். மறைக்க ஒன்றும் இல்லை என்பதே அவருடைய கட்சி.

வழக்கும் நடந்தது. மாவு மில்காரர் ஒருவரைக் கூண்டில் ஏற்றி, உன்னைக் குணப்படுத்தியது டாக்டரா, பிரீஸ்னிட்ஸா என்று கேட்டார்களாம். இரண்டு பேரும்தான் என்றாராம் அவர்: டாக்டர் தம்முடைய பணத்தைப் போக்கினார், பிரீஸ்னிட்ஸ் வாதத்தைப் போக்கினார். இந்தக் கதை அந்தக் காலத்து யாத்திரிகர்கள் வாயில் வெகுவாக அடிபட்டது. கடைசியில், தண்ணீரைப் பயன்படுத்துவதைக் குற்றம் என்று சொல்ல எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. 1831-ல் குளியல் நிலையம் நடத்த அவருக்குச் சர்க்கார் அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு கிரேஃபன்பர்க் ஒரு பெரிய 'சீஸன்' ஊராகிவிட்டது. 1839-ம் வருஷம் மட்டும் 1,500 நோயாளிகள் வந்தார்கள் என்று கணக்கு. அதிலே ஒரு முடிமன்னர், இருபத்திரண்டு ராஜகுமாரர்கள், நூற்று நாற்பத்தொன்பது பிரபுக்கள் உண்டு. ருஷ்ய எழுத்தாளர் கோகோல் 1845-ல் அங்கே போய் ஈரத்துணிக்குள் சுருண்டு கிடந்திருக்கிறார். எழுத்தாளர்களுக்கு வருகிற வியாதிகள் எந்த வைத்தியத்துக்கும் முழுசாகக் கட்டுப்படுவதில்லை என்பது வேறு சங்கதி.

அங்கே என்ன நடந்தது? விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு வேலைக்காரன் வந்து பிரபுவை எழுப்புவான். ஈரச் சீலையில் பொட்டலம் கட்டி, அதற்குமேல் கம்பளியைச் சுற்றி, வேர்க்கிற வரையில் போட்டு வைப்பான். வேர்த்ததும் நேரே பனிக்கட்டி போன்ற தண்ணீர்த் தொட்டியில் இறக்குவான். பிறகு மலை ஏற வேண்டும். பல தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். கறுத்த ரொட்டி, பால், தடிச் சோறு போன்ற குடியானவச் சாப்பாடுதான். மதுபானம், காப்பி, மசாலை ஒன்றும் கூடாது. ராஜகுமாரனாக இருந்தாலும் கோடரியை எடுத்து விறகு பிளக்க வேண்டும்.

காட்டுக்குள்ளே இருந்தது பெரியப்பா சொன்ன குற்றாலம். மலை ஓடையை மரக்குழாய்களில் திருப்பிக் கொண்டுவந்து பத்தடி, இருபதடி உயரத்திலிருந்து கையளவு கனத்தில் விழச் செய்திருந்தார்கள். கீழே பலகைக் கொட்டகை. நோயாளி ஆடையை அவிழ்த்துவிட்டு அந்தத் தாரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பனிக்காலத்திலும் உண்டு. இன்றைக்கும் போலந்துக்காரர்கள் குளியலறை ஷவரைத் தங்கள் பாஷையில் 'ப்ரிஷ்னித்ஸ்' என்கிறார்கள். மகாராஜாக்களுக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். தினமும் காலையில் ஒரு தேசமே ஒரு குடியானவனின் பெயருக்கடியில் போய் நின்று குளிக்கிற பாக்கியம் எந்த மகாராஜாவுக்குக் கிடைத்திருக்கிறது?

அவர் அங்கே மரக்குழாய் பதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் குற்றாலம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கம்பெனி அதிகாரிகள் இங்கே வாசனைத் திரவியத் தோட்டம் போட்டு ஜாதிக்காய் வளர்த்திருந்தார்கள். சாரல் காலத்துக்கென்று வெள்ளைக்கார துரைகள் பங்களா கட்டியிருந்தார்கள். ராபர்ட் வைட் என்ற டாக்டர் 1830-களில் இந்த மலையில் செடி கொடி சேகரித்துக்கொண்டிருந்தார். ஆனால் இவர்கள் எல்லாரும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே குற்றாலநாதர் கோயிலில் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. அகஸ்தியர் திருமாலின் தலையில் கை வைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினாராம். அழுத்தியதால் சுவாமிக்குத் தலைவலி. அதற்காக மூலிகைத் தைலம் காய்ச்சி அபிஷேகம். அந்தத் தைலமே நம் தலைவலிக்கும் பிரசாதம். சுவாமியே நோயாளியாக இருந்து முதல் பாட்டம் மருந்து வாங்கிக்கொள்கிற ஊர் இது!

அருவியின் அமைப்பும் வைத்தியத்துக்கென்றே வாய்த்தது. ஏறக்குறைய இருநூறு அடி உயரத்திலிருந்து சிற்றாற்றுத் தண்ணீர் நேரே விழுந்தால் மனிதன் முதுகெலும்பு என்ன ஆகும்? நடுவிலே பொங்குமாக்கடல் என்ற பாறைக் கிடங்கு அந்த வேகத்தை வாங்கி, அடக்கி, பரப்பிக் கீழே அனுப்புகிறது. பிரீஸ்னிட்ஸ் குழாயின் கனத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் செய்த காரியத்தை இங்கே ஒரு பாறை செய்துவிட்டது. ரசிகமணி டி. கே. சி. கடைசிக் காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் இங்கே வந்து அவரோடு தங்கிப் பேசிக் குளித்துப் போனார்கள். 1954-ல் டி. கே. சி. காலமான பிறகும் அந்தப் பேச்சின் மணம் ஊரில் வெகுநாள் இருந்தது.

எல்லாருக்கும் பொதுவான மருந்தாக அது எப்போதும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1934-ல் ஹரிஜன யாத்திரையில் காந்தி குற்றாலம் வந்தார். ஹரிஜனங்களுக்கு அருவியில் குளிக்க இடம் இல்லை என்று அறிந்ததும் தாமும் குளிக்காமலே திரும்பிவிட்டார். தண்ணீர் வைத்தியத்தில் பைத்தியம் என்று சொல்லும்படி பற்று வைத்திருந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் குற்றாலம் வரையில் வந்து அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார் என்றால், அது சாமானியமான தியாகம் இல்லை.

அந்தப் பற்று அவருக்கு வந்த வழியும் கிரேஃபன்பர்க்கிலிருந்து புறப்பட்ட வழிதான். பிரீஸ்னிட்ஸ் 1851-ம் வருஷம் நவம்பர் 28-ம் தேதி காலமானார். வயது ஐம்பத்திரண்டு. ஆனால் அதற்குள் இங்கிலீஷ்காரர் கிளாரிட்ஜ் 1842-ல் அவரைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். மால்வெர்ன் என்ற ஊரில் தண்ணீர் வைத்தியசாலை எழுந்து, 1849-ல் சார்லஸ் டார்வினே அங்கே போய் நடுங்கிக்கொண்டிருந்தார். பவேரியாவில் நெய்வோர் வீட்டில் பிறந்து பாதிரியான க்னைப், லைப்ஸிக் நகரத்து லூயி கூனே என்று வாரிசுகள் பெருகினார்கள். பெரியப்பா வீட்டுத் தொட்டி இந்தக் கூனே கண்டுபிடித்த தொட்டிதான். அவருடைய நூல் 1894-லேயே தெலுங்கில் வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் கே. லக்ஷ்மண சர்மா இந்த இயற்கை வைத்தியத்தைச் சாஸ்திரம் போல வகுத்து எழுதினார். ரமண மகரிஷியிடம் உள்ளது நாற்பது பாடம் கேட்டு அதைச் சமஸ்கிருதத்தில் செய்த பக்தர் அவர்தான். ஆசாமிக்கு ஆசாமி, புத்தகத்துக்குப் புத்தகம் என்று கைமாறி, சைலீஷியா மலைத் தண்ணீர் தென்காசிப் பின்கட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது.

1902-ல் பம்பாயில் காந்தியின் மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தது. பத்து வயசுப் பையன். டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்துவிட்டுக் கூனேயின் தொட்டிக் குளியலையும் ஈரச் சீலைச் சுற்றையும் நம்பினார். பையனை ஈரத்துணியில் சுற்றிக் கஸ்தூர்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, சௌபாத்திக் கடற்கரையில் ராமநாமம் சொல்லிக்கொண்டு அவர் அலைந்த அலைச்சலைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பையன் பிழைத்தான். பிழைத்தது கடவுள் அருளாலா, தண்ணீராலா, பத்தியத்தாலா, சிசுருஷையாலா என்று யாரால் சொல்ல முடியும் என்று அவரே கேட்டுவிட்டுப் போகிறார். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் நான் அவரை நமஸ்காரம் செய்கிறேன். 1924-ல் குடல்வால் வீங்கியபோது அதே காந்தி புனா சாஸூன் ஆஸ்பத்திரியில் ஆங்கில டாக்டர் கர்னல் மட்டாக்கின் கத்திக்கு உடம்பைக் கொடுத்தார்.

என் பெரியப்பாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

1990-களின் தொடக்கம் என்று ஞாபகம். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மேலரத வீதிக்குப் போய்விட்டு வந்தவளுக்குச் செருப்புக் கடித்துக் குதிகாலில் கொப்புளம். வலிக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று அப்போது யார் கண்டார்கள்? சர்க்கரை நரம்பின் உணர்ச்சியைக் கெடுக்கிறது. காலுக்குப் போகிற ரத்தமும் குறைந்துவிடுகிறது. கிருமிகள் உள்ளே குடித்தனம் தொடங்கினால் சொந்தக்காரிக்கே தெரிவதில்லை. பெரியப்பா மண்பட்டி போட்டார், ஈரத்துணி கட்டினார். நீர் வடிந்தது. துர்நீர் வெளியேறுகிறது, நல்லதுதான் என்றார். அதுவும் பிரீஸ்னிட்ஸ் சொன்னதுதான். உடம்பில் கட்டியும் வேர்வையும் கிளம்பினால் உள்ளே இருக்கிற விஷம் வெளியேறுகிறது என்றே அவர் நம்பினார். கிருமிகள் நோயைக் கொண்டுவருகின்றன என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே கண்ணை மூடியவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினோராம் நாள் என் தகப்பனார் சண்டை போட்டு வண்டி வைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

நான் இந்த மனிதரின் வாழ்க்கையைத் துருவிப் படித்ததற்குக் காரணம் அந்தக் கால்தான். பிரீஸ்னிட்ஸ் மேல் எனக்குக் கோபம் இருந்தது. படிக்கப் படிக்க அந்தக் கோபம் வேறு எங்கோ போய்விட்டது. ஏனென்றால், அவர் வருகிறவர்களை எல்லாம் தொட்டியில் தள்ளிவிடவில்லை. முதல் குளிர்ந்த குளியலின்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். தோல் சிவந்து சூடு திரும்புகிறதா, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கவனிப்பார். திரும்பாதவர்களை, உங்களுக்கு என்னிடம் மருந்து இல்லை என்று வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார். பணமும் பட்டமும் படைத்தவர்கள் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். அவர் காலத்து டாக்டர்களின் கையிலிருந்தவை அட்டையும் ரத்தம் எடுக்கிற கத்தியும் ரசக் கலவையும். அவற்றிலிருந்து தப்பி, மது இல்லாமல், மலைக்காற்றில் நடந்து, விறகு பிளந்து, வயிறாரத் தண்ணீர் குடித்த மனிதன் தேறினதில் அதிசயம் என்ன? ஆனால் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தோலைப் பார்த்துச் சொன்ன அந்தக் கண் இருக்கிறதே, அதைப் புத்தகத்தில் எழுதி வைக்க அவருக்கு எழுத்து வசப்படவில்லை. புத்தகம் எழுதினவர்கள் தொட்டியின் அளவையும் தண்ணீரின் சூட்டையும்தான் எழுதினார்கள். தென்காசிக்கு வந்து சேர்ந்ததும் அவ்வளவுதான்.

பெரியம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெரியப்பா ஒருவரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் கம்பவுண்டரை வரவழைத்து, இன்ஸுலின் ஊசி போடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டார். ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் குத்திக் குத்திப் பழகினார். ஊசி நடை தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு பதினோரு வருஷம், காலையும் மாலையும், தம் கையாலேயே அவளுக்கு ஊசி போட்டார். தொட்டியை மட்டும் தூக்கி எறியவில்லை. அவர் அதில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதும் நிற்கவில்லை.

அடுத்த ஆடியில் குற்றாலம் போயே தீர வேண்டும் என்றாள் பெரியம்மா. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பெண்கள் பக்கம் ஒரே கூட்டம், பாறை வழுக்கல், ஒற்றைக் காலோடு உள்ளே விடுவது எப்படி? பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அருவித் தண்ணீர் பிடித்து வந்து கரையில் உட்கார்ந்திருந்தவள் தலையில் ஊற்றினார். நாலு குடம், ஐந்து குடம். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். ஆறாவது குடத்துக்குக் கிளம்பியபோது அவள் பல் கிட்டிக்கொள்ளச் சிரித்தாள்.

"போதும், வாங்க. எனக்குக் குளிருது."

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துத் திருப்பி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.